கொசுவும் பூஞ்சணமும்

மலேரியாவைக் கொண்டுவருவது கொசு என்று சொல்லும்போது, எல்லாக் கொசுவும் அதைக் கொண்டுவருவதில்லை என்பதை நாம் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆண் கொசு இரத்தம் குடிப்பதே இல்லை. பெண் கொசுக்களிலும் அனோபிலிஸ் இனத்தைச் சேர்ந்தவை மட்டுமே மனிதனுக்கு வரும் மலேரியாக் கிருமியைச் சுமக்க வல்லவை. அந்த அனோபிலிஸிலும், பிறந்த இரண்டு மூன்று நாளில் இரத்தம் குடித்து, அந்த இரத்தம் தற்செயலாக ஒரு நோயாளியினுடையதாக இருந்து, அதனோடு வயிற்றுக்குள் சென்ற கிருமி குடற்சுவரில் ஒட்டி வளர்ந்து, பல்கி, வெடித்து, தேகமெங்கும் பரவி, கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பியை வந்தடையும் வரையில் உயிரோடிருக்கும் பாக்கியம் பெற்ற கொசு மட்டுமே அடுத்த மனிதனுக்கு நோயைத் தர முடியும். இந்தப் பிரயாணத்துக்கு, நம்முடையது போன்ற உஷ்ணப் பிரதேசங்களில், ஏறக்குறைய 10 முதல் 14 நாள் பிடிக்கிறது. கொசுக்களில் மிகப் பெரும்பாலானவை அத்தனை நாள் வாழ்வதில்லை. ஆகவே மலேரியா என்பது, கண்டிப்பாகச் சொன்னால், கிழக் கொசுக்களின் கைங்கரியம்.

இந்தப் பிரயாணத்தின் முதற்கட்டத்தை, 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் தேதி, செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற ராணுவ வைத்தியர் கொசுவின் குடற்சுவரில் நேராகக் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில், பறவைகளுக்கு வரும் மலேரியாவை வைத்துச் சோதனை செய்து, கிருமி உமிழ்நீர்ச் சுரப்பி வரையில் செல்வதையும் நிரூபித்தார். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஜார்ஜ் மக்டொனால்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர், ஓர் ஊரில் மலேரியா பரவுவதும் ஒடுங்குவதும் கொசுக்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவற்றின் ஆயுளையே அதிகமாகப் பொறுத்திருக்கிறது என்று கணித மார்க்கத்தில் எடுத்துக் காட்டினார். அவருடைய சூத்திரங்களுக்குள் போக வேண்டியதில்லை. ஒரு சிறு கணக்கே போதும். கொசுக்களில் நாள்தோறும் நூற்றுக்குப் பத்து வீதம் மடிவதாக வைத்துக்கொண்டால், இன்று பிறந்த 100 கொசுக்களில் 12 நாள் கழித்து 28 மிஞ்சும். அதே சாவு நாளொன்றுக்கு நூற்றுக்கு இருபதாக உயர்ந்தால், மிஞ்சுபவை 7 மட்டுமே. சாவு இரட்டித்தது, ஆபத்தான கொசுக்களோ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. ஒரு கொசுவைக்கூட உடனடியாகக் கொல்லாமல், எல்லாக் கொசுக்களின் ஆயுளிலும் சில நாளைக் களவாடினாலே போதும், நோய் படுத்துவிடும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம்.

ஆனால் உலகம் இந்தப் பாடத்தைப் பொறுமையாகப் படிக்கிற மனநிலையில் அப்போது இல்லை. ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ரசாயன விஞ்ஞானியாகிய பால் முல்லர் 1939-இல் டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் குணத்தைக் கண்டறிந்து, 1948-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றிருந்தார்; வீட்டுச் சுவர்களில் அதைத் தெளித்துவிட்டால், இரத்தம் குடித்த களைப்பில் சுவரில் வந்து உட்காரும் கொசு கால் பட்ட மாத்திரத்தில் செத்து விழுந்தது. இந்தியா 1953-இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தையும், அதன் வெற்றியில் பூரித்து 1958-இல் மலேரியா ஒழிப்புத் திட்டத்தையும் தொடங்கியது. வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேரைப் பிடித்து ஆட்டியதாக மதிப்பிடப்பட்ட நோய், 1965-இல் சுமார் ஒரு லட்சம் பேரளவில் ஒடுங்கியதைப் பார்த்தவர்கள், இந்நோய் அடியோடு வழக்கொழிந்துபோகும் என்று நம்பியதில் ஆச்சரியமில்லை. 1976-இல் கணக்கெடுத்தபோது நோயாளிகள் 64 லட்சம். சர்க்காரின் அயர்வு, பணத் தட்டுப்பாடு என்று இதற்குக் காரணங்கள் பல உண்டு என்றாலும், டி.டி.டி.யைச் சட்டை செய்யாத கொசுப் பரம்பரைகள் தோன்றிவிட்டன என்பது அவற்றுள் தலையானது. பின்னர் வந்த மாலத்தியானுக்கும், இன்று கொசுவலைகளில் தோய்க்கப்படும் பைரித்ராய்டு மருந்துகளுக்கும் கூட இதே கதி பல தேசங்களில் நேர்ந்திருக்கிறது.

இப்படி நேர்வது கொசுவின் சாமர்த்தியத்தால் என்பதைவிட, நாம் கொல்லும் முறையால் என்று சொல்வதே பொருத்தம். இளம் பெண் கொசுவை, அது முட்டையிடுவதற்கு முன்பே, முதல் ஸ்பரிசத்திலேயே கொன்றுவிடும் மருந்து, அந்த மருந்துக்குத் தாக்குப்பிடிக்கும் அபூர்வமான ஒன்றிரண்டு கொசுக்களுக்கே அடுத்த தலைமுறையைப் பெற்றெடுக்கும் ஏகபோக உரிமையை வழங்கிவிடுகிறது. இதற்கு மாறாக, கொசுவை முட்டையிட விட்டு, பெரும்பாலான சந்ததியை அது விட்டுச் சென்ற பிறகு, ஆனால் கிருமி அதன் உமிழ்நீரை எட்டுவதற்கு முன்னால், அதைக் கொல்லும் ஒரு மருந்து கிடைக்குமானால், மருந்துக்குத் தாங்கும் கொசுவுக்கும் தாங்காத கொசுவுக்கும் சந்ததி விஷயத்தில் அதிக வித்தியாசம் இராது. எதிர்ப்புச் சக்தி தலையெடுக்க வழியும் வெகுவாகக் குறுகிவிடும். ஆண்ட்ரூ ரீட், பெனிலோபி லிஞ்ச், மாத்யூ தாமஸ் என்னும் மூவர் 2009-இல் இந்த வாதத்தை விஸ்தாரமாக எழுதி வெளியிட்டார்கள். மெதுவாகக் கொல்லும் மருந்தைத் தேடிப் போக வேண்டும் என்று சொன்ன அவர்களுக்கு, அத்தகைய ஒன்று சிருஷ்டியிலேயே இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது. அதை வைத்துத்தான் அவர்கள் சோதனையும் செய்துகொண்டிருந்தார்கள்.

அதுதான் பூச்சிகளுக்கு நோய் உண்டாக்கும் பூஞ்சணம்.

இதன் சரித்திரம் பட்டுப்புழுவிலிருந்து தொடங்குகிறது. இத்தாலியின் லோதி நகரத்துக்கு அருகில் பிறந்து, சட்டம் படித்து, கண்பார்வைக் கோளாறினால் அவதிப்பட்டுக்கொண்டே விஞ்ஞானத்தில் ஈடுபட்ட அகோஸ்தினோ பாஸி என்பவர், பட்டுப்புழுக்கள் செத்து விறைத்து, மேலே வெண்மையாய்ச் சுண்ணாம்பு பூத்தாற்போல் ஆகிவிடும் நோயின் காரணத்தைத் தேடி 1807 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்டு, அது ஒரு நுண்ணிய பூஞ்சணத்தால் வருவது, புழுவிலிருந்து புழுவுக்கு ஒட்டிக்கொள்வது என்று 1835-இல் உலகுக்கு அறிவித்தார். நுண்ணுயிர் ஒன்றே நோய்க்குக் காரணமாகக் கூடும் என்ற சித்தாந்தத்துக்குப் பாஸ்டரும் கோக்கும் வருவதற்கு வெகு காலம் முன்பே கிடைத்த முதல் பிரத்தியட்ச நிரூபணங்களுள் இது ஒன்று. எனினும் பள்ளிக்கூடப் புத்தகங்களில் பாஸ்டர் இருக்கிறார், பாஸி இல்லை. பூஞ்சணத்தின் பெயரில் மட்டும் அவர் நிலைத்திருக்கிறார்: பவேரியா பாஸியானா. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பட்டு விவசாயிகள் சுண்ணாம்புக்கட்டு நோய் என்று சொல்லி அஞ்சுவது இதனுடைய வேலையைத்தான்.

பகையை நட்பாக்கிக்கொள்ளலாம் என்ற யோசனை பிறகு வந்தது. கருங்கடல் ஓரத்து ஒடெஸ்ஸாவில், கோதுமைக் கதிரைத் தின்னும் வண்டுகள் பச்சை நிறப் பூஞ்சணம் பூத்துச் சாவதைக் கண்ட இலியா மெச்னிகாவ், அந்தப் பூஞ்சணத்தைப் பீர் வடித்த சக்கையில் வளர்த்து வயலில் தூவலாம் என்று 1879-இல் எழுதினார். பிற்காலத்தில், இரத்தத்து வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கும் விந்தையைக் கண்டுபிடித்ததற்காக 1908-இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே. அவர் கண்ட அந்தப் பூஞ்சணத்துக்கு இன்று மெட்டாரைசியம் என்று பெயர். தென்னந்தோப்பில் காண்டாமிருக வண்டின் புழுக்களை ஒழிக்க எருக்குழியில் இடும்படி வேளாண்மைத் துறையினர் சிபாரிசு செய்கிறார்களே, அதுவேதான்.

பவேரியாவும் மெட்டாரைசியமும் பூச்சியைக் கொல்லும் விதம் சற்று நிதானித்துப் பார்க்கத் தக்கது. ஒரு பூச்சியை நோய் அணுகுவதற்குச் சாதாரணமான வழி வாய்தான். புதுச்சேரியிலுள்ள கொசு ஆராய்ச்சி நிலையத்தார் கொசுப்புழுக்களுக்கு எதிராகத் தயாரித்த பாக்டீரியா மருந்தும், புழு அதைத் தின்றால்தான் வேலை செய்யும். பூஞ்சணத்துக்கு வாசல் வேண்டாம். காற்றில் உலர்ந்து கிடக்கும் அதன் நுண்வித்து, நீரை வெறுத்து மெழுகை நாடும் மேற்பூச்சுடையதாகையால், கொசுவின் மெழுகு படிந்த ஓட்டுத் தோலில் காலோ வயிறோ பட்ட மாத்திரத்தில் ஒட்டிக்கொள்கிறது. கோபுரத்து இடுக்கில் பறவை போட்ட அரச விதை வேர்விட்டுக் கல்லைப் பிளப்பதைப் போல, வித்து முளைத்து, முளையின் நுனி தட்டையாகப் புடைத்து, அங்கே சேர்ந்த அழுத்தத்தின் பலத்தாலும், மெழுகையும் புரதத்தையும் கைட்டினையும் கரைக்கும் என்ஸைம்களின் உதவியாலும் ஓட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. உள்ளே சென்றபின் இழை வடிவத்தை விட்டுவிட்டுச் சிறு சிறு அணுக்களாகப் பிரிந்து, கொசுவின் இரத்தத்தில் மிதந்து, அதிலுள்ள சத்தைத் தின்று பெருகி, விஷப் பொருள்களையும் சுரக்கிறது. கொசு உடனே சாவதில்லை. முதலில் அதன் பசி மந்தமாகிறது. இரத்தம் தேடிப் பறக்கும் ஊக்கம் குறைகிறது. வித்தின் அளவையும் உஷ்ணத்தையும் பொறுத்து, ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ மடிகிறது. காற்றில் ஈரம் இருந்தால், சவத்தின் மூட்டுகள் வழியே வெள்ளை இழைகள் வெளிப்பட்டு, மெட்டாரைசியமானால் சில நாளில் பாசிப் பச்சையாய் நிறம் மாறி, லட்சக்கணக்கான புது வித்துகளைச் சிதறும்.

கொசுவைப் பூஞ்சணத்தால் ஒழிக்க நினைத்தவர்கள் முதலில் நாடியது இந்த இரண்டையும் அல்ல. நீரிலுள்ள கொசுப்புழுக்களைத் தாக்கும் வேறு வகைகளைத்தான். மலாயாவிலிருந்து கிடைத்த ஒரு கொசுப்புழுவில் 1921-இல் கெய்லின் என்பவர் கண்டு விவரித்த சீலோமோமைஸிஸ் என்ற பூஞ்சணத்தின் இரண்டு புதிய இனங்களை, நம் நாட்டு அனோபிலிஸ் புழுக்களிலிருந்து 1935-இல் வெளிப்படுத்தியவர் எம்.ஓ.டி. ஐயங்கார். யானைக்கால் நோயைப் பற்றித் திருவிதாங்கூரில் அருமையான ஆராய்ச்சிகள் செய்த இந்தப் பெரியவரின் பெயர் தமிழ் வாசகருக்கு இன்று அநேகமாகத் தெரியாது. 1958-இல் மார்ஷல் லேர்டு என்பவர் சிங்கப்பூரிலிருந்து இந்தப் பூஞ்சணத்தைப் பசிபிக் சமுத்திரத்திலுள்ள டோக்கெலாவ் தீவுகளுக்குக் கொண்டுசென்று, நுக்குனோனு என்ற பவளத் தீவின் கொசுக்களிடையே பரப்பிப் பார்த்தார். பூஞ்சணம் அங்கே வேரூன்றியது. ஆனால் சோதனைச்சாலையில் அதை விருத்தி செய்வதற்கு எடுத்த முயற்சிகள் யாவும் பல்லாண்டுக் காலம் காரணம் புரியாமல் தோற்றுக்கொண்டே இருந்தன. 1970-களின் நடுவில்தான் மர்மம் விளங்கியது: கொசுப்புழுவிலிருந்து வெளிவரும் பூஞ்சணம் மறுபடியும் கொசுப்புழுவைத் தாக்குவதில்லை, இடையில் சைக்ளாப்ஸ் போன்ற ஒரு நுண்ணிய நீர்ப்பிராணிக்குள் ஒரு வாழ்க்கையை வாழ்ந்து முடித்த பிறகே அது கொசுப்புழுவுக்குத் திரும்புகிறது. குடிநீர் வழியாக நரம்புச்சிலந்தி நோயைப் பரப்பிவந்த அதே சைக்ளாப்ஸ் குலத்தை இதற்காகக் குளம் குளமாய் வளர்க்கலாம் என்று யாரும் சொல்லத் துணியவில்லை; முயற்சி அத்தோடு தேய்ந்தது. லாஜெனிடியம் என்ற மற்றொன்று, பூஞ்சணம்போல் தோன்றினாலும் வேறு குலத்தைச் சேர்ந்தது, 1990-களில் அமெரிக்காவில் கடைச்சரக்காகவே விற்பனைக்கு வந்தது. அதன் சில வகைகள் நாய்க்கும் மனிதனுக்கும் கூட நோய் தரும் என்று பிற்பாடு தெரியவந்ததால் மதிப்பிழந்தது.

ஆகவே நீரை விட்டு நிலத்துக்கு, புழுவை விட்டுப் பறக்கும் கொசுவுக்குக் கவனம் திரும்பியது. இதற்கு வழிகாட்டியவை வெட்டுக்கிளிகள். ஆப்பிரிக்காவில் 1980-களின் பிற்பகுதியில் பாலைவன வெட்டுக்கிளிகள் பெருவாரியாகப் பரவியதைத் தொடர்ந்து, 1989-இல் தொடங்கிய ஒரு சர்வதேச முயற்சி, மெட்டாரைசியம் வித்தைத் தண்ணீரில் கலக்காமல் எண்ணெயில் கலந்து தெளித்தால் பாலைவன உலர்ச்சியிலும் அது வேலை செய்யும் என்பதைக் கண்டுபிடித்தது. ஈரமில்லாத இடத்தில் பூஞ்சணம் உதவாது என்று அதுவரை ஏற்பட்டிருந்த அபிப்பிராயம் இதனால் தகர்ந்தது. பாலைவனத்தில் வெட்டுக்கிளியைக் கொல்ல முடிந்தால், குடிசைச் சுவரில் கொசுவைக் கொல்ல முடியாதா?

2005-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'சயன்ஸ்' பத்திரிகையின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் வெளியாயின. ஒன்று பிரிட்டனில் நடந்த சோதனைச்சாலை ஆராய்ச்சி: எலி மலேரியாக் கிருமியைச் சுமந்த அனோபிலிஸ் ஸ்டீபன்ஸியைப் பவேரியா தெளித்த பரப்பில் உட்கார வைத்ததில், 14 நாளுக்குள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மடிந்தன, பூஞ்சணமும் கிருமியும் ஒருங்கே தாக்கிய கொசுக்கள் இன்னும் விரைவாக இறந்தன, உயிர் தப்பியவற்றிலும் உமிழ்நீரில் கிருமி ஏறியவை குறைவு, எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டதில், நோய் பரப்பக்கூடிய கொசு 80-இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. மற்றொன்று டான்ஸானியாவின் ஒரு கிராமத்தில், மனிதர் வாழும் வீடுகளிலேயே நடந்தது. அங்கே 5 வீடுகளின் கூரையிலிருந்து, மெட்டாரைசியம் வித்தை எண்ணெயில் குழைத்துத் தடவிய 3 சதுர மீட்டர் கறுப்புப் பருத்தித் துணியைத் தொங்கவிட்டார்கள். இருட்டான பரப்பை நாடி உட்காரும் சுபாவமுள்ள கொசுக்களில் நூற்றுக்கு 23 அந்தத் துணியிலிருந்து நோயைப் பெற்றன. நான்கில் ஒன்றுக்கும் குறைவுதானே என்று தோன்றலாம். ஆனால் அந்த ஆய்வாளர்களின் கணிதப்படி, இந்தச் சொற்ப அளவே, ஊரில் ஒருவனுக்கு வருஷத்தில் விழும் கிருமியுள்ள கடிகளை 262-லிருந்து 64-ஆகக் குறைக்கப் போதுமானது. மக்டொனால்டின் சூத்திரம் கறுப்புத் துணியாக அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

அதன்பின் வந்த ஆராய்ச்சிகளில் இரண்டை மட்டும் குறிப்பிட்டால் போதும். பூச்சிமருந்துக்கு அஞ்சாத ஆப்பிரிக்கக் கொசுக்களைப் பூஞ்சணம் சாதாரணக் கொசுக்களைப் போலவே கொல்கிறது என்பதோடு, அது பிடித்த கொசுக்கள் அந்தப் பழைய மருந்துக்கே மறுபடியும் பணிந்து மடிகின்றன என்று 2009-இல் கண்டார்கள். மற்றது டெங்கு பற்றியது: பவேரியா தொற்றிய ஏடிஸ் கொசுவின் தேகத்தில் பூஞ்சணத்தை எதிர்க்க எழும் தற்காப்பு, டெங்கு வைரஸையும் சேர்த்தே ஒடுக்கிவிடுகிறது என்று 2012-இல் அமெரிக்காவில் நிரூபித்தார்கள். கொசு சாவதற்கு முன்னாலேயே அதன் கொடுமை பாதி சாகிறது என்று அர்த்தம்.

இவ்வளவு இருந்தும், 2005-க்குப் பிறகு இத்தனை ஆண்டு கழிந்தும், பூஞ்சணம் பூச்சிமருந்தின் ஆசனத்தில் ஏன் ஏறவில்லை என்று வாசகர் கேட்பது நியாயமே. வித்து உயிருள்ள பொருள். அதுவே அதன் பலமும் பலவீனமும். டி.டி.டி. தெளித்த சுவர் மாதக்கணக்கில் கொல்லும். பூஞ்சண வித்தோ, வெயிலின் ஊதாக்கடந்த கதிரிலும், 35 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்திலும், சாணமும் மண்ணும் சுண்ணாம்பும் பூசிய சுவரிலும் சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தியை இழந்துவிடுகிறது. கிட்டங்கியில் சேமித்துவைத்தாலும் இதே சங்கடம். நன்றாக உலர்த்திக் குளிர்ச்சியில் வைக்காவிட்டால் பொட்டலத்தில் மிஞ்சுவது வெறும் தூள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை மட்டுமே ஆள் அனுப்பிச் சுவருக்கு மருந்தடிக்க முடிகிற ஏழைச் சர்க்கார்களுக்கு, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை தெளி என்பது நடைமுறைக்கு ஒவ்வாத யோசனை. உற்பத்தி மட்டும் கடினமன்று: புழுங்க வேகவைத்த அரிசியில் பூஞ்சணத்தை விதைத்து, ஓரிரு வாரம் வளரவிட்டு, உலர்த்திச் சலித்தால் வித்துத்தூள் கிடைக்கிறது, வெட்டுக்கிளிக்காகத் தயாரித்த தூளில் ஒரு கிராமுக்குச் சுமார் 5,000 கோடி வித்துகள் இருந்தன. சோறு விளையும் தேசம் எதிலும் செய்யக்கூடிய குடிசைத் தொழில் இது.

மற்றொரு தடையும் உண்டு. விஞ்ஞானிகள் அதை அதிகமாகப் பேசுவதில்லை. கொசு கண்ணெதிரே செத்து விழ வேண்டும் என்பது மனிதனின் ஆசை. மின்சார மட்டையில் பட்டுக் கொசு படபடவென்று பொரியும் சப்தத்தில் நமக்கு உண்டாகிற திருப்திக்கு நோய்த் தடுப்போடு சம்பந்தம் குறைவு. ஆயினும் அந்தத் திருப்திக்குத்தான் காசு கொடுக்கிறோம். இன்று சுவரில் உட்கார்ந்த கொசு ஒன்பதாம் நாள் எங்கேயோ ஒரு மூலையில் சாகும், அதற்குள் உங்களை இன்னும் ஒன்றிரண்டு தடவை கடித்தாலும் கடிக்கும், ஆனால் மலேரியாவைத் தராது என்று சொல்லி ஒரு மருந்தை யார் வாங்குவார்கள்?

இந்தப் பொறுமையின்மைக்கு விஞ்ஞானமே வளைந்துகொடுத்ததற்கு உதாரணம் மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்தது. ஆஸ்திரேலியாவின் நீலமலைப் பகுதியில் வாழும் ஒரு சிலந்தியின் விஷத்தில் பூச்சிகளின் நரம்பை முடக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அதை உண்டாக்கும் மரபணுவை எடுத்து, கொசுவின் இரத்தத்துக்குள் புகுந்த பிறகே விழித்துக்கொள்ளும்படியான ஏற்பாட்டோடு, மெட்டாரைசியத்தில் சேர்த்தார்கள் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தினர். புர்கினா ஃபாஸோவின் சூமுஸோ கிராமத்தில் ஏறக்குறைய 600 சதுர மீட்டர் பரப்புக்கு இரட்டை வலையால் மூடிய ஒரு கூடாரம் கட்டி, அதற்குள் குடிசையும் செடியும் நீர்க்குட்டையும் அமைத்து, மருந்துக்கு அஞ்சாத உள்ளூர்க் கொசுக்களை அறைக்கு 1,500 வீதம் விட்டார்கள். வித்தைக் கலந்தது அங்கேயே ஆட்டிய நல்லெண்ணெயில். தடவியது கறுப்புப் பருத்தித் துணியில். 45 நாளில், பூஞ்சணம் வைக்காத அறையில் 1,396 கொசுக்களும், இயற்கைப் பூஞ்சணம் வைத்த அறையில் 455-உம், சிலந்தி விஷம் சேர்த்த பூஞ்சணம் வைத்த அறையில் வெறும் 13-உம் இருந்தன. 2019-இல் இது வெளிவந்தபோது உலகப் பத்திரிகைகள் அந்த 13-ஐப் பற்றியே பேசின. எனக்கு அந்த 455-தான் முக்கியமாகப் படுகிறது. மரபணு மாற்றம் எதுவுமின்றி, காட்டில் கிடைக்கும் பூஞ்சணமே கொசுக் கூட்டத்தை மூன்றில் ஒன்றாக்கிவிட்டது. மேலும், விஷத்தைச் சேர்த்துப் பூஞ்சணத்தை வேகப்படுத்தும்போது, மெதுவாகக் கொல்வதனால் அதற்கிருந்த அருமையான குணத்தில், அதாவது கொசுப் பரம்பரையில் எதிர்ப்பைத் தூண்டாத குணத்தில், ஒரு பகுதியை நாமே கைவிடுகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும். சிறிதளவு வித்திலேயே வேலை முடிகிறது என்பது மாற்றத்துக்குச் சாதகமான நல்ல வாதம். அதை நான் மறுக்கவில்லை. அந்தப் பூஞ்சணம் இன்னும் வலைக்கு வெளியே விடப்படவில்லை.

மனிதனுக்கு இவற்றால் அபாயம் உண்டா? பவேரியாவும் மெட்டாரைசியமும் நம் தேக உஷ்ணமாகிய 37 டிகிரியில் பெரும்பாலும் வளர்வதில்லை. கண்ணின் கருவிழியில் புண் உண்டாக்கிய அபூர்வமான சந்தர்ப்பங்கள் வைத்திய நூல்களில் பதிவாகியிருக்கின்றன. தூளை நாள்தோறும் கையாளும் தொழிலாளருக்கு ஒவ்வாமை வரலாம். பயிருக்கு இவற்றைப் பல தேசங்களில் பல்லாண்டாகத் தெளித்து வருவதில் பெருங்கேடு எதுவும் வரவில்லை. அபாயம் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. பாஸி இருநூறு வருஷங்களுக்கு முன் போராடிய பூஞ்சணமே இது என்பதை மறக்கலாகாது. பட்டுப்புழு வளர்க்கும் மனைக்கும் மல்பெரித் தோட்டத்துக்கும் அருகில் பவேரியாவைத் தெளிப்பது, கொசுவுக்காகப் பட்டைக் கொளுத்துவதாகும். ஓசூர்ப் பக்கத்தில் இதைப் பிரயோகிக்க எண்ணுகிறவர் இரண்டு முறை யோசிக்கட்டும்.

நகரவாசிகளுக்கு உபயோகமாகக்கூடிய ஒரு உபாயத்தை ஹாலந்துக்காரர்கள் சந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஏடிஸ் கொசு முட்டைகளை ஒரே இடத்தில் இடாமல், பல பாத்திரங்களில் பங்கிட்டு இடும் வழக்கமுடையது. இந்தக் குணத்தையே அதற்கு எதிராகத் திருப்பி, சிறிது நீரும் மிதக்கும் வலையும் கொண்ட ஒரு வாளியை இன்2கேர் என்ற பெயரில் செய்திருக்கிறார்கள். வலையில் பவேரியா வித்தும், கொசுப்புழுவைக் கொசுவாக விடாமல் தடுக்கும் பைரிப்ராக்ஸிபென் என்ற மருந்தும் தடவியிருக்கும். முட்டையிட வந்து வலையில் அமர்ந்த கொசு, மருந்தைக் காலில் ஏந்திச் சென்று, நாம் கண்டுபிடிக்க முடியாத பூந்தொட்டித் தட்டுகளிலும் உடைந்த ஓடுகளிலும் தானே கரைத்துவிட்டு, சில நாளில் பூஞ்சணத்துக்கு இரையாகிறது. கொசுவையே மருந்தடிக்கும் ஆளாக நியமித்துவிட்ட இந்த யுக்தி பாராட்டத்தக்கது. பிரேசிலில் இன்னும் எளிமையாக, மெட்டாரைசியம் தோய்த்த கறுப்புத் துணிகளை வீட்டுக்குள் தொங்கவிட்டு ஏடிஸின் ஆயுளைக் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். நம்முடைய தையற்கடைகளில் மிஞ்சும் கறுப்புத் துண்டுத் துணியே இதற்குப் போதும்.

இதைப் படித்துவிட்டு, உரக்கடையில் கிடைக்கும் பவேரியாப் பொட்டலத்தை வாங்கிவந்து படுக்கையறையில் யாரும் தூவிவிடக் கூடாது. அந்தச் சரக்கு வயலுக்கென்று தயாரித்தது. அதிலுள்ள வித்து வகை கொசுவுக்கென்று தேர்ந்தெடுத்ததன்று. மூடிய அறையில் அந்தத் தூளைச் சுவாசிப்பதும் நல்லதன்று. கொசுவுக்கான வகையைத் தேர்ந்து, எண்ணெயில் பக்குவப்படுத்தி, நம் ஊர்ச் சுவர்களிலும் நம் ஊர் வெயிலிலும் சோதித்துத் தரவேண்டியது ஆராய்ச்சி நிலையங்களின் பொறுப்பு. அதற்குத் தேவையான அரிசியும் எண்ணெயும் துணியும் நம்மிடம் இருக்கின்றன. அதுவரையில் சென்னையில் வசிக்கிறவர்கள் மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டியின் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நலம். இந்நகரத்தில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்ஸி விருத்தியாகும் இடங்கள் பெரும்பாலும் அந்தத் தொட்டிகளும் கிணறுகளுமே.